அற்பம் என்பது யார் அளவு?



சின்னக் குறிப்பிடம் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களுக்குப் பாவம் இரண்டு வகை என்பது மறந்திராது. ஒன்று சாவான பாவம், மற்றது அற்பப் பாவம். முன்னது ஆத்துமத்தில் தேவ இஷ்டப்பிரசாதத்தை அழித்துவிடும். பின்னது அதை அழிக்காமல் ஆத்துமத்தைத் தளரச் செய்யும். இக்காலத்து மறைக்கல்விப் புத்தகங்களில் சொற்கள் மாறிவிட்டன, போதனை மாறவில்லை. ஆனால் அந்தப் பழைய சொல்லில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. "அற்பம்" என்பது காதில் விழுந்தவுடனே நமக்கு ஒரு நிம்மதி பிறந்துவிடுகிறது. பாவம் என்ற பின்பாதி மறைந்து, அற்பம் என்ற முன்பாதி மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

பாவத்தை மட்டுமா இப்படித் தள்ளுகிறோம்? நன்மையையும் இதே கணக்கில் கழித்துவிடுகிறோம். பெரிய தருமம் செய்ய வசதியில்லை, சிறியதைச் செய்து என்ன பயன் என்று சும்மா இருந்துவிடுகிறோம். ஆக, செய்த தீங்கு சிறியது, ஆகையால் குற்றமில்லை. செய்யாமல் விட்ட நன்மை சிறியது, ஆகையால் நட்டமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் வாழ்நாளில் பெரும்பகுதி கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. ஏனெனில் நம்மில் யாருடைய நாளிலும் பெரிய காரியங்கள் எத்தனை நடக்கின்றன? பால் காய்ச்சுகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், பஸ்ஸுக்கு நிற்கிறோம், நாலு பேரோடு பேசுகிறோம், படுத்துக்கொள்கிறோம். இவையெல்லாம் அற்பமென்றால் சர்வேசுரன் நம்மிடம் கேட்கப்போகிற கணக்கு எதைப் பற்றியதாக இருக்கும்?

ஆகவே முதலில் கேட்கவேண்டியது இது: ஒன்றைச் சிறியதென்று சொல்லும்போது யார் கையிலுள்ள படியால் அளந்து சொல்கிறோம்?

திருச்சபையின் வேதசாஸ்திரிகள் இந்தக் கேள்வியை எளிதாக விட்டுவிடவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ், அற்பப் பாவங்கள் எத்தனை சேர்ந்தாலும் அவை கூடி ஒரு சாவான பாவமாகிவிடுவதில்லை என்று போதித்தார். அவை மனிதனைச் சாவான பாவத்துக்குப் பதப்படுத்தும், அதற்குமேல் இல்லை. சரி. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் களவைப் பற்றி வேறொரு பேச்சு கிளம்பியது. ஒருவன் ஒவ்வொரு தடவையும் சிறு சிறு தொகையாகத் திருடிவந்தால், மொத்தம் எவ்வளவு பெரிதானாலும், அதைத் திருப்பிக் கொடுக்கும்படி சாவான பாவத்தின் பேரில் அவனுக்குக் கடமையில்லை என்று சிலர் சொல்லத் துணிந்தார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் 1679-ஆம் ஆண்டில் 11-ஆம் இன்னொசென்ட் பாப்பரசர் கண்டித்துத் தள்ளிய 65 கருத்துக்களில் இதுவும் ஒன்று.

ஏன் தள்ளினார்? அற்பப் பாவங்கள் கூட்டலுக்கு வராது என்றால் சிறு களவுகள் மட்டும் எப்படி வரும்? காரணத்தைக் கொஞ்சம் நின்று யோசித்தால் விளங்கும். திருடியவன் பக்கத்தில் நின்று பார்த்தால் பத்துத் தனித்தனிக் காரியங்கள், ஒவ்வொன்றும் அற்பம். பறிகொடுத்தவன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே பத்துக் காரியமில்லை, ஒரே நட்டந்தான், அது நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகிறது. அவன் பத்துத் தடவை பத்துப் பத்தாக எடுத்தான். இவனோ நூறை இழந்து நிற்கிறான்.

நீதி சாஸ்திரிகள் இன்னொரு விதியும் வகுத்து வைத்தார்கள். எவ்வளவு எடுத்தால் களவு கனமான விஷயமாகும் என்று கேட்டபோது, பொருளுக்கு உடையவனுடைய ஒரு நாள் பிழைப்பு எவ்வளவோ அவ்வளவு என்றார்கள். ஆகவே தனவந்தனிடம் எடுத்தால் அற்பமாய் நிற்கும் அதே தொகை, அன்றாடங்காய்ச்சியிடம் எடுத்தால் சாவான பாவத்துக்குரிய கன விஷயமாகிவிடுகிறது. இதெல்லாம் வறண்ட சட்டவாதம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுப்பவன் கையிலிருந்த படியைப் பிடுங்கிப் பெறுபவன் கையில் கொடுத்த வேலை அது.

அந்தப் படியை நாமும் கையில் வாங்கிக்கொண்டு, நம் பெசன்ட் நகர்த் தெருக்களில் கொஞ்சம் நடந்து பார்ப்போம். நம் அடுக்குமாடி வீடுகளுக்குச் சமைக்கவும் பாத்திரம் துலக்கவும் வீடு பெருக்கவும் வருகிற பெண்களில் சிலர் ஊரூர் குப்பத்திலிருந்தும் ஓடைக்குப்பத்திலிருந்தும் நடந்து வருகிறார்கள். சிலர் நகரத்துக்குள் இருந்த குடிசைகளிலிருந்து எடுக்கப்பட்டுக் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டு, அங்கிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். ஒருவருக்கு நாம் மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. இரண்டாம் தேதி வெளியூர்ப் பயணம். நாலாம் தேதி சில்லறை இல்லை. ஐந்தாம் தேதி ஞாபகமில்லை. ஆறாம் தேதி சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டோம். நம் கணக்கில் இது ஐந்து நாள் தாமதம், மிகவும் அற்பம். முழுத் தொகையும் கொடுத்தாயிற்றே!

அவர் கணக்கில் என்ன நடந்தது? குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இரண்டாம் தேதி காலையிலேயே கதவைத் தட்டினார். தெரிந்த இடத்தில் 1,000 ரூபாய், நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்க நேர்ந்தது. ஐந்து நாளில் திருப்பிக் கொடுத்தாலும் வட்டி ஒரு மாதத்துக்குத்தான். ஆகவே நம்முடைய மறதிக்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் கட்டியவர் அவர். "கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே" என்கிறோம். கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. உழைத்த கூலியைப் பிச்சை கேட்பது போல் நின்று கேட்கவேண்டிய வெட்கம் அது. அந்த விலையையும் அவரே கொடுக்கவேண்டும் என்கிறோம். கைபேசியில் விரலை வைத்தால் பணம் போய்ச் சேருகிற இந்நாளில் சில்லறை இல்லை என்ற சாக்கும் செல்லாது.

பழைய ஏற்பாட்டில் இதற்கு எவ்வளவு துல்லியமாகச் சட்டம் வகுத்திருக்கிறது என்பதை உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் எடுத்துப் பாருங்கள். கூலிக்காரனுடைய கூலியை அன்றைக்கே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று மோயீசன் கட்டளையிடுகிறார். காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் அவன் உயிர் இருக்கிறது. சட்டம் பெறுபவன் பக்கத்தில் நின்று பேசுவதைக் கவனித்தீர்களா? அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில், கொடுக்கப்படாத கூலியே வாய் திறந்து கூக்குரலிடுவதாகவும் அது ஆண்டவர் செவியில் எட்டுவதாகவும் எழுதுகிறார். குறிப்பிடத்தில், தேவ பழியைக் கேட்டு ஓலமிடும் பாவங்கள் நான்கு என்று படித்திருக்கிறோம். முதலாவது மனம் பொருந்திச் செய்யும் கொலை. அந்தக் கொலையோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கிறது வேலைக்காரனின் கூலியைக் கொடாமை. கூலி முழுவதையும் மோசம் செய்வதும் ஐந்து நாள் தாமதமும் ஒன்றல்ல, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மரத்தின் காய்கள், ஒன்று பிஞ்சு.

சுவிசேஷத்தில் திராட்சைத் தோட்டத்து உவமையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கடைசியில் வந்தவனுக்கும் முதலில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தது பற்றியே எப்போதும் பேசுகிறோம். அதில் ஒரு சிறிய வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். பொழுது சாய்ந்ததும் எசமான் தன் காரியஸ்தனைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கச் சொல்கிறார். எல்லாருக்கும் அன்று மாலையே கூலி கைக்கு வந்துவிட்டது. தாராளத்தைப் பற்றிய உவமைதான். ஆனால் அதன் தாராளம் நேரந்தவறாமையின் மேல் நிற்கிறது.

இந்த விஷயத்தைத் தம் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்ட கன்னியாஸ்திரி ஒருவர் உண்டு. பெல்ஜியம் நாட்டிலிருந்து 1963-இல் இந்தியா வந்த சகோதரி ஜீன் தேவோஸ், 1985-இல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காகத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் 2011-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் 189-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வீட்டு வேலை செய்வோருக்கு ஒழுங்கான இடைவெளியில், மாதம் ஒருமுறைக்குக் குறையாமல், கூலியை நேராகக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பொழுது சாயுமுன் என்று மோயீசன் சொன்னதற்கு 30 நாள் தவணை கொடுத்து எழுதப்பட்ட இந்த விதியையும் எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

கூலி ஓர் உதாரணந்தான். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் "நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லும் 60 ரூபாயும் இதே இனம். குளிர்சாதனக் கடையில் ரசீதில் போட்ட தொகையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, கூடை சுமந்து வரும் மீன்காரம்மாளிடம் பத்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் வாதாடுவதும் அப்படியே. மூன்று வருஷமாக நம் வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியின் பெயர் நமக்குத் தெரியாமலிருப்பதும் இதில் சேரும். பெயரைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா?

"இதெல்லாம் நாகரிகம், மரியாதை; விசுவாசத்துக்கும் இதற்கும் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். பதிலுக்கு, தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே சேசுநாதர் உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பணக்காரர் அள்ளி அள்ளிப் போட்டார்கள். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு செப்புக் காசு போட்டாள். எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டதாக ஆண்டவர் தீர்ப்புச் சொன்னார். இது அவளை ஆறுதல்படுத்தச் சொன்ன உபசார வார்த்தையா? இல்லை, சுத்தமான கணக்கு. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு காசு. அவள் மடியை அவிழ்த்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ஆண்டவர் பெட்டியைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்தார். கூலி விஷயத்தில் பெறுபவர் பக்கம் நின்று அளந்தோம். இங்கே ஏழை கொடுப்பவளாய் இருக்கிறாள், அவள் பக்கம் நின்று அளக்கிறார். இரண்டிடத்திலும் படி இல்லாதவர் கையில்தான் இருக்கிறது.

நம் தாயாரின் திருத்தல வரலாறும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. வேளாங்கண்ணியில் நடுத்திட்டு என்ற இடத்தில், ஓர் ஏழைக் கைம்பெண்ணின் மகன், கால் ஊனமானவன், ஆலமர நிழலில் உட்கார்ந்து வழிப்போக்கருக்கு மோர் விற்றுக்கொண்டிருந்தான் என்பது 16-ஆம் நூற்றாண்டைக் குறித்து வழிவழியாக வரும் செய்தி. கையில் குழந்தையோடு வந்த பெண்ணரசி ஒருவர் தம் பிள்ளைக்குக் கொஞ்சம் மோர் கேட்டார்; அவனும் கொடுத்தான். பின்பு நாகப்பட்டினத்தில் ஒரு கிறிஸ்தவப் பிரபுவிடம் போய்த் தமக்கு அங்கே கோவில் கட்டும்படி சொல் என்றார். நடக்க முடியாதவன் எழுந்து ஓடினான்.

கால் குணமான புதுமையைப் பற்றியே நாம் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். எனினும் அதற்கு முந்தின அரை நிமிஷத்தைப் பாருங்கள். தேவமாதா அவனிடம் செபம் கேட்கவில்லை, நேர்ச்சை கேட்கவில்லை. நொண்டிப் பையன் ஒருவனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுக்கக்கூடியது எதுவோ அதைக் கேட்டார்கள். கேட்ட பொருள் ஒரு குவளை மோர். வாங்கிக் குடிக்கிறவருக்கு அது தாகத்துக்கு ஒரு மடக்கு. அவனுக்கோ அது அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு. வீட்டில் தாய் எண்ணிப் பார்க்கும் காசில் ஒரு காசு. மோர் நீர்த்த பானம். அவன் கொடுத்தது நீர்த்ததன்று. பின்னால் வந்த கூரைக் கோவிலும், பெரிய கோவிலும், 1962-இல் 23-ஆம் அருளப்பர் பாப்பரசர் கொடுத்த பசிலிக்கா என்ற மகிமையும் அந்தக் குவளையிலிருந்து தொடங்கியவை.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-இல் நம் கடற்கரைத் திருத்தலத்தில் கொடி ஏறும்போது காவி உடுத்தி நடந்து வருகிறவர்களைப் பார்க்கிறோம். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகப் போகிறவர்களும் உண்டு. அந்தப் பக்தியைக் குறை சொல்ல யாருக்கு உரிமை? கொப்புளம் கண்ட பாதங்களுக்கு முன் பேனாவை மூடிவைப்பதே மரியாதை. ஆனால் நடக்காத நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம்.

சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாமான் குஷ்டரோகம் நீங்க எலிசேயு தீர்க்கதரிசியிடம் வந்தான். யோர்தானில் ஏழு தடவை முழுகிவிட்டுப் போ என்று சொல்லியனுப்பியதும் அவனுக்கு மகா கோபம் வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று திரும்பிப் புறப்பட்டான். அவனுடைய ஊழியர்கள் தான் சமாதானப்படுத்தினார்கள்: தீர்க்கதரிசி பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்கள் அல்லவா, சிறியதைச் சொன்னதனாலேயா செய்யமாட்டீர்கள் என்று கேட்டார்கள். நாமானுக்கு யோர்தான் தண்ணீர் கஷ்டமாக இல்லை. அதன் எளிமைதான் கஷ்டமாக இருந்தது. பெரியது நம்மைப் பெரியவராக்கும். சிறியது அப்படி ஒன்றும் ஆக்குவதில்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் முதியவரின் கதவைத் தட்டி, "மருந்து ஏதாவது வாங்கி வரட்டுமா?" என்று கேட்பதற்கு 300 கிலோமீட்டர் இல்லை, இருபது படிகள்தாம். பார்க்கிறவரும் இல்லை. அதனால்தான் அவ்வளவு தூரமாய் இருக்கிறது!

நம் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவு வளைவு நிற்கிறதே, அது 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் பிறர் உயிரைக் காக்கும் முயற்சியில் கடலில் மாண்ட ஷ்மிட் என்பவருக்காக எழுப்பியது. சின்னக் காரியங்களில் உத்தமனாக இருந்தவன்தான் இப்படிப் பெரிய காரியம் செய்வான் என்று பிரசங்கியார் எவரேனும் சொன்னால் நான் உடனே ஒப்புக்கொள்ளமாட்டேன். வீட்டில் முணுமுணுப்பவன் கடலில் குதித்து உயிர் கொடுப்பதும் உண்டு. மனித இருதயம் அப்படி ஒரு விந்தை. சிறியதைப் பெரியதற்கு ஒத்திகை என்று கருதிச் செய்தால் அதிலும் ஒரு பேராசை ஒளிந்திருக்கிறது. தாமதித்த கூலியை நேரத்தில் கொடுப்பது நாளைக்கு நான் வேதசாட்சியாவதற்குப் பயிற்சி அல்ல. இன்றைக்கு அவர் வீட்டு வாடகை.

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும், எந்த மதத்தினராயினும், தினந்தோறும் அனுபவிக்கிற ஒரு சிறு காரியத்தையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. வீரமாமுனிவர் என்ற பெஸ்கி சுவாமியார் 1680-இல் இத்தாலியில் பிறந்து, நம் நாட்டில் சேசு சபைக் குருவாக உழைத்து, 1747-இல் மரித்தவர். அவர் காலத்துக்கு முன் எகர ஒகரங்களில் குறிலுக்குப் புள்ளி வைப்பது இலக்கண முறை. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். ஆகவே ஏட்டில் கிடப்பது எரியா ஏரியா, தெனா தேனா, கொடுவா கோடுவா என்று படிக்கிறவன் தானே ஊகித்துக்கொள்ள வேண்டும். சுவாமியார் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். எகரத்தின் கீழே ஓர் இழுப்பு, ஒகரத்தில் ஒரு சுழி, கொம்பின் தலையில் இன்னொரு சுழி. எழுத்தாணிக்கு ஒரு கணம் கூடுதல் வேலை, அவ்வளவே.

எழுதுகிறவன் பக்கம் நின்றால் அது அற்பம். புள்ளியை விட்டவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். படிக்கிறவன் பக்கம் வந்து நின்றவருக்கே அந்தச் சுழி அவசியமென்று தோன்றியது. அவர் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். சதுரகராதி தொகுத்தார். தேம்பாவணியை முழுதும் படித்தவர்கள் நம் பங்கில் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொன்னால் சங்கடமாகிவிடும். சுழியை மட்டும் இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நன்றி சொல்ல நினைத்தவர் யார்?

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்காமல் விட்டால் நியாயமாகாது. சிறிய காரியங்களில் கண்ணும் கருத்துமாக இருந்து அதனாலேயே கெட்டவர்களும் உண்டு. பரிசேயர்கள் புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒரு பங்கு எண்ணிக் காணிக்கை வைத்தார்கள். நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டது கொஞ்சமல்ல. நம்மிடையேயும் பீடத்துப் பூவின் நிறத்துக்காகவும், கோவிலில் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்காகவும், பவனியில் கொடி பிடிக்கும் முறைக்காகவும் மனஸ்தாபப்பட்டு, ஒருவரோடொருவர் வருஷக்கணக்கில் பேசாதிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் சிறியதைப் பெரிதாக மதிக்கிறவர்கள்தானே?

இல்லை என்றே நினைக்கிறேன். பரிசேயன் சீரகத்தை எண்ணும்போது பார்த்துக்கொண்டிருந்தது தன்னையே. அந்தச் சீரகத்தால் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவன் ஒருகாலும் கேட்கவில்லை. படி அவன் கையிலேயே இருந்தது. அதுதான் சோதனை: நான் கவலைப்படும் இந்தச் சிறு காரியத்தின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறாரா, அல்லது நானேதான் இருக்கிறேனா?

குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க இயலாது. அவர் 15-ஆம் வயதில், 1888-இல், பிரான்சு தேசத்து லிசியே நகரில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 24-ஆம் வயதில், 1897-இல், க்ஷயரோகத்தால் மரித்தார். மடத்துக்கு வெளியே ஒன்றும் செய்யவில்லை. அவர் இறந்த பின் இவரைப் பற்றி எழுத என்ன இருக்கப்போகிறது என்று கூட இருந்த கன்னியாஸ்திரி ஒருவரே கேட்டார். 1925-இல் அர்ச்சியசிஷ்ட பட்டம். 1927-இல் வேதபோதக நாடுகளுக்கெல்லாம் பாதுகாவலி. 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம். எழுத நிறையவே இருந்தது.

அவருடைய சரித்திரத்தில் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது ஒரு ரொட்டித் துண்டைத்தான். மடத்தில் வாத நோயுள்ள ஒரு முதிய சகோதரி இருந்தார், எளிதில் திருப்திப்படாதவர். மாலையில் அவரைக் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துப் போகவேண்டும். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாக நடந்தால் உன் கையைக் காணோமே என்பார். இந்தப் பணியைத் தெரேசம்மாள் தாமே கேட்டு ஏற்றுக்கொண்டார். கொண்டுபோய் உட்கார வைத்ததோடு அவர் கடமை முடிந்தது. ஆனால் ஒரு நாள், நோயுற்ற அந்தக் கைகள் ரொட்டியை வெட்டிக்கொள்ளச் சிரமப்படுவதைக் கவனித்தார். அன்று முதல் ரொட்டியை வெட்டிக் கொடுத்துவிட்டே போனார். யாரும் சொல்லவில்லை, விதியில் இல்லை. அந்த முதியவரின் மனம் அதில்தான் இளகியது. ரொட்டி வெட்டுவது அற்பம் என்று சொல்ல வேண்டுமானால் வெட்ட முடிகிற கை வேண்டும்.

தெரேசம்மாளுடைய சிறு வழி என்று நாம் சொல்வதை இனிப்பான பக்தி என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். ரோஜாப் பூ ஏந்திய சுருபம் அதற்குக் காரணமோ என்னவோ. அது கண் பழக்கம். மற்றவருடைய கை என்ன செய்ய முடியாமல் தடுமாறுகிறது என்பதைக் கவனிக்கும் கண்.

அந்தக் கண் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் நீலாங்கரைப் பக்கத்திலிருந்து நம் கரை வரை மணலில் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பிடத்தில் வைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கடற்கரையோர விளக்கைப் பற்றி அவர்கள் அடிக்கடி சொல்லுவது உண்டு. பொரித்த குஞ்சு வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஊர்ந்து போகும். இருட்டுக் கரையில் அந்த நம்பிக்கை சரி. விளக்கெரியும் கரையில் அது தெருவுக்குப் போய்ச் சேரும். நம் மாடி முகப்பில் விடிய விடிய எரியும் ஒரு பல்பு நமக்கு மின்கட்டணத்தில் சில ரூபாய். உள்ளங்கையில் அடங்கும் அந்த ஜீவனுக்கு அது வழியும் மரணமும்.

செப்டம்பர் 8-ந் தேதி திருநாள் முடிந்த இரவை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான சனங்கள் வந்து போன கடற்கரை அது. நல்ல மனதுள்ளவர்கள் பந்தல் போட்டுத் தண்ணீரும் உணவும் கொடுத்திருக்கிறார்கள். மோர்க்காரப் பையனின் மரபு அழியவில்லை. பொழுது விடியுமுன் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்தோடும் வண்டியோடும் வருகிறார்கள். பலர் பெண்கள், நடுவயதைத் தாண்டினவர்கள். மணலில் துடைப்பம் ஓரளவுக்குத்தான் உதவும். பாதி புதைந்து கிடக்கிற காகிதக் கோப்பையைக் குனிந்து கையால் எடுக்க வேண்டும். நாம் கை வீசிப் போட்ட கோப்பை ஒவ்வொன்றும் ஒரு குனிதல். போட்டவருக்கு அதன் எடை தெரியாது. அன்று காலை நூறாவது தடவை குனிந்து நிமிர்கிறவருடைய இடுப்புக்குத் தெரியும். குப்பைத் தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது.